வெளிச்சம் நுழையாத பலகை

அலுவிகாரை
4.2.1973

எல்லாம் அறிந்தவன் பேரைக் கொண்டு தொடங்குகிறேன்.

அன்புத் தம்பி யாகூபுக்கு உன் ராத்தா கைறுன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் சுகம். உன் சுகமும் உன் மனைவி பீபியின் சுகமும் தெரியவேண்டும். துறைமுகக் காற்று நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஹஜ்ஜுப் பெருநாள் கார்டில் ஒரு வரி எழுதியிருந்தாய். கொத்தமல்லியோடு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி. சீனி கிடைக்காவிட்டால் கருப்பட்டி போதும்.

மூன்று வருஷமாக நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெருநாள் கார்டுதான் போய் வருகிறது. நம் உம்மாவை அடக்கம் செய்த அன்று வாசலில் நின்று உன் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டாய், அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாய். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. ஒரு வேலை விஷயமாக யோசனை வேண்டும். இரும்பு வேலை தெரிந்தவன் என்று நமக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கண்டியில் ஒரு கடைக்காரர் நம் தச்சுப் பட்டறையில் இரண்டு டஜன் மரத் தொட்டில் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் மாதப் பெரஹரா திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க அவருக்கே செய்யலாம், பிந்தினால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். தொட்டில் என்றால் சுற்றிலும் மரக் கம்பி, கம்பிக்குக் கம்பி துளை. கையால் துளைத்தால் ஒன்று கிழக்கே சாய்கிறது, ஒன்று மேற்கே சாய்கிறது. அதனால் உன் மச்சான் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரி கழித்துவிட்ட டிரில் மெஷினை வாங்கினார். நின்றபடி மேலிருந்து நேரே கீழே இறங்கித் துளைக்கும் மெஷின். அந்த ஃபாக்டரி மெக்கானிக் மாடசாமிதான் லொறியில் கொண்டு வந்தார். வரும் வழியில் நாலந்தா வளைவில் சாய்ந்து, சாமானை வைத்துத் துளைக்கும் இரும்பு மேசை இரண்டாக வெடித்துவிட்டது. "மெஷினு தங்கமுங்க மொதலாளி, மேசைதான் போச்சுங்க" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தங்கத்தை எங்க வச்சுத் துளைக்கிறது, உன் தலையிலயா?" என்றார் உன் மச்சான்.

மேசை மட்டமாக இல்லாவிட்டால் மெஷின் நேராக இறங்கியும் பிரயோசனம் இல்லையாம். எதில் செய்வது? எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. ஆனால் தபால் முத்திரை வீட்டில் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ராத்தா

*

கொழும்பு
13.2.1973

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நெஞ்சு பரவாயில்லை. பீபி கொத்தமல்லி காய்ச்சித் தருகிறாள்.

கேட்ட விஷயம். வார்ப்பிரும்புதான் முதல் தரம். இறக்குமதி நின்ற நாளில் புதிதாகக் கிடைக்காது, வெடித்ததை ஒட்டவைத்தால் சூட்டில் நெளியும். எஃகுத் தகடு இங்கே துண்டு கிடைக்கும், ஆனால் மரப் பட்டறைக்குச் சரிவராது. துளை முடியும்போது டிரில் பிட் தகட்டில் இடித்து மழுங்கும். மரவேலைக்கு மரம்தான் நல்லது. பிட் இறங்கினாலும் தாங்கும், வேலைச் சாமானின் அடியும் பிய்யாது. ஆனால் மரத்துக்கு ஒரு குணம். மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், பலகை கிண்ணமாக வளையும். இழை மாற்றி மாற்றி ஒட்டிய பிளைவுட் வளையாது. அதுவும் இப்போது கடையில் இல்லை. ஆகவே நன்றாக ஆறிய பழைய மரம் தேடவேண்டும்.

மட்டம் என்றால் என்ன என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் அளவு பார்க்கும் எஃகுக் கட்டைகள் இருக்கின்றன. தீப்பெட்டியை விடச் சின்னவை. இரண்டைத் துடைத்து ஒன்றின்மேல் ஒன்றைச் சறுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பசை இல்லை, காந்தம் இல்லை. இழுத்தால் வராது. பத்து வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் வைப்பதில்லை.

செய்கிறவரிடம் சொல்லுங்கள்.
யாகூப்

*

அலுவிகாரை
1.3.1973

தம்பிக்கு ஸலாமும் துஆவும். உன் கடிதம் கண்டு வயிறு குளிர்ந்தது. இங்கே எனக்கு முழங்கால் வலி மட்டும். தொழுகையில் எழும்பும்போது ஒரு கை ஊன்றுகிறேன்.

அந்த எஃகுக் கட்டைகளைப் பற்றிப் படித்துவிட்டுக் கடிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு குறையும் இல்லாத இரண்டு முகம் சந்தித்தால் பிரிக்க முடியாதா? ஸுப்ஹானல்லாஹ். அப்படியென்றால் நாம் எல்லாரும் பிரிந்து பிரிந்து கிடப்பது முகத்தில் மேடும் பள்ளமும் இருப்பதால்தானா? வீட்டில் இரண்டு பீங்கான் தட்டைக் கவிழ்த்துச் சறுக்கிப் பார்த்தேன். உன் மச்சான் பார்த்துவிட்டு, "அது சோறு திங்கிற சாமான். இன்னைக்குப் பட்டினியா?" என்றார்.

"செய்கிறவரிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். சொன்னேன். உன் கடிதத்தை வாங்கித் தானே வாசித்தார். வாசித்த கையோடு முதிரை மரப் பலகை எடுத்து இழைக்கத் தொடங்கினார். மூன்று நாள் இழைத்தார். பாரம் என்றால் அப்படி ஒரு பாரம். நாலாம் நாள் மழை பெய்தது, பலகை மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டது. மகோகனி ஒன்று பார்த்தார், அது உள்ளே புழு. தேக்கு வாங்க நம் கைக்கு எட்டாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு நானே மூடிவிட்டேன்.

இப்போது ஒரு பழைய பலாப் பலகை வந்திருக்கிறது. ஒரே மரத்துத் துண்டு. ஆள் நீளத்துக்கு மேலே, இரண்டடி அகலம், இரண்டங்குலத் தடிப்பு. மஞ்சள் போய்க் கருந்தேன் நிறம். அது மட்டம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களிடம் உன்னுடையது போல் இரும்பு மட்டக்கோல் இல்லை.

பீபிக்கு என் ஸலாம். பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்க அவளை அனுப்பாதே, நீ போ.
ராத்தா

*

கொழும்பு
9.3.1973

ராத்தாவுக்கு ஸலாம். முழங்காலுக்கு இங்கே நாட்டு எண்ணெய் ஒன்று கிடைக்கிறது, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டடி அகலத்தில் ஒரே பலாவா? எந்த வீட்டில் கிடைத்தது? எத்தனை வருஷத்து மரம்? வெயிலில் கிடந்ததா, நனைந்து கிடந்ததா? எழுதுங்கள். அது தெரிந்தால் பாதி விஷயம் தெரியும்.

இரும்புக் கோல் இல்லாவிட்டால் மரத்தில் செய்யலாம். நேரான சட்டம் ஒன்றை இழைத்து அதன் விளிம்பால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அதே சட்டத்தைப் புரட்டி அதே விளிம்பால் அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் சட்டம் நேர். விலகினால் விலகிய இடத்தில் இழைக்க வேண்டும். யாரிடமும் நேரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. கோல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்.

பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, சட்டத்தைப் பலகைமேல் நிறுத்தி, அதற்குப் பின்னால் விளக்கு வைத்து, கண்ணைப் பலகையோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் கசியும். நெடுக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை பார்க்கவேண்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டுக் காயவைத்து மறுபடி பாருங்கள். எந்த மரமும் அதில் மாட்டிக்கொள்ளும்.

பதில் உடனே எழுதுங்கள்.
யாகூப்

*

அலுவிகாரை
28.3.1973

தம்பிக்கு உன் ராத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் முன்னை விட நல்லது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க ஐவேளையும் கேட்கிறேன்.

நீ எழுதியபடியே உன் மச்சான் சட்டம் செய்தார். கோடு போட்டுப் புரட்டி, இழைத்து, மறுபடி கோடு போட்டு, கடைசியில் இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டது. பென்சில் கோடு ஒன்றுதான் தெரிந்தது. "உன் தம்பி ஆள்தான்" என்றார். மூன்று வருஷத்தில் உன் பேச்சை அவர் தானாக எடுத்தது இதுதான் முதல் தரம். அதனால் எழுதுகிறேன்.

பிறகு கதவைச் சாத்தினோம். நான் விளக்கைப் பிடித்தேன், அவர் குனிந்து பார்த்தார்.  "நீ பாரு" என்று விளக்கை வாங்கிக்கொண்டார். நான் கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். இருட்டு. நெடுக்கில் பார்த்தேன், குறுக்கில் பார்த்தேன், வெளிச்சம் ஓரிடத்திலும் நுழையவில்லை. ஒரு பக்கத்தில் தண்ணீர் ஊற்றினோம், காயவைத்தோம், மறுநாளும் ஊற்றினோம். மூன்று நாளும் அப்படியே இருந்தது.  இத்தனை தண்ணீரும் இத்தனை வெயிலும் கண்ட ஒரு சாமான் எப்படித் தன் நேரை விடாமல் வைத்திருக்கிறது! மனிதர் ஒரு மழைக்கே கோணிப் போகிறோம்.

நனைந்தபோது அதிலிருந்து கற்பூர வாசம் வந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தாய். ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் இருந்தது. வருஷம் யாருக்கும் தெரியாது. அடிக்கடி நனைந்து நிழலில் காய்ந்த மரம்.

உன் மச்சான் அதில் இரண்டடி அளந்து குறி வைத்தார். மரம் அறுக்கும் வாளைக் கையில் எடுத்தார், பல்லைத் தடவிப் பார்த்தார், திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டார். நேற்றும் அப்படித்தான்.

ராத்தா

*

கொழும்பு
4.4.1973

ராத்தாவுக்கு ஸலாம். இங்கே சுகம்.

நீங்கள் எழுதியதை ஒர்க்ஷாப்பில் மூத்த ஃபிட்டரிடம் வாசித்துக் காட்டினேன். பொய் என்கிறார். ராத்தா பொய் எழுத மாட்டா என்றேன். அப்படிப்பட்ட பலகை ஒரு மனிதன் ஆயுளில் ஒன்று கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். நனைந்தும் காய்ந்தும் அதன் ஆட்டம் எல்லாம் ஆடி முடிந்துவிட்டது. இனி அசையாது. முடிச்சு இல்லாத முனையில் இரண்டடி வெட்டி, உடைந்த இரும்பு மேசையின் மேல் நாலு போல்ட் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

இதில் தயங்க என்ன இருக்கிறது? பெரஹரா காத்திருக்காது. மச்சானுக்கு வாள் எடுக்கவா பயம்? அவசரம் அவருக்குப் பழக்கம்தானே. ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டாரே.

யாகூப்

*

அலுவிகாரை
12.4.1973

தம்பி, ஸலாம். நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

உன் கடைசி வரியை உன் மச்சானுக்குக் காட்டவில்லை. முதல் முறையாக ஒரு கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

நான் சுற்றி வளைத்தது போதும். அது நம் பள்ளிவாசலில் இறந்தவர்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிற பலகை.

இப்போது அங்கே குழாய் வைத்து சீமெந்தில் மேடை கட்டிவிட்டார்கள். பலகை பின்னால் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, "யாராவது விலை கேட்டா கொடுத்துடலாம், இல்லாட்டி விறகுதான்" என்று சொன்னார்களாம். எல்லாரும் ஓரடி பின்னுக்குப் போனார்களாம். உன் மச்சான் மட்டும் விலை சொன்னார். "என்ன ஜுனைதீன், ஒனக்கு வேண்டியதை இப்பவே வாங்கி வைக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். "ஒங்களுக்கும் இரவல் தருவேன், பயப்படாதீங்க" என்று சொல்லித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் வைத்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆள் சிரிக்கவில்லை.

பலகைக்குக் கொடுத்த பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியை இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டோம். "செத்தவங்க மவுத்து மரத்துல ஒட்டாது தங்கச்சி. பள்ளி வித்தாச்சு, நீங்க வாங்கியாச்சு. பலகை பலகைதான்" என்றார். மார்க்கத்தில் தடை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு நோனா வாசலில் நின்று, "அதுல வச்சுத் துளைச்ச தொட்டில்ல எம் பேரப்பிள்ளையப் போட மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அவள் மகளுக்கு இது ஏழாம் மாதம். தொட்டிலுக்கு முதலில் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

நம் உம்மாவும் அதில்தான் கிடந்தார்கள். ஆண்பிள்ளைகள் நீங்கள் பார்க்காத இடம் அது. சுற்றிலும் சேலை கட்டி மறைத்து நாங்கள் நாலு பெண்கள்தான் இருந்தோம். தலைப் பக்கத்தில் செங்கல் வைத்து உயர்த்தினோம், தண்ணீர் கால் பக்கமாக ஓடுவதற்காக. இலந்தை இலை போட்ட தண்ணீரை நான் ஊற்றினேன். கடைசியில் கற்பூரத் தண்ணீர். உம்மாவின் முகம் கழுவின பீங்கான் போல் இருந்தது. பலகையில் கன்னத்தை வைத்து வெளிச்சம் பார்த்தேன் என்று எழுதினேனே, எங்கே வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதை எழுதினேன் என்று தெரிந்தால் உன் மச்சான் கோபிப்பார். அன்றைக்கு டிசம்பர் மழை. தந்தி உனக்குக் கிடைத்ததா, வெளித் துறைமுகக் கப்பலில் நிற்கிறாயா, ஒன்றும் தெரியாது. வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது. இவர் குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே நின்றார். "அவன் வந்துருவான், இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று இறைத்தார். பக்கச் சுவர் இடிந்து முழங்கால்வரை மூடியபோதுதான் மேலே தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் உம்மாவை வைத்த சந்தூக்கைக் கொண்டுவரச் சொன்னார். நீ வாசலில் நின்று "ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா மச்சான்?" என்று கேட்டபோது அவர் கட்டியிருந்த சாரத்தில் அந்த மண் காயவில்லை. ஏன் பதில் சொல்லவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "உம்மாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவன்கிட்ட என் ஞாயத்தையா பேசுறது?" என்றார்.

வெட்டலாமா வேண்டாமா? நீ சொன்னபடிதான் நடக்கும். வாள் ஆணியில் தொங்குகிறது.

ராத்தா

*

அலுவிகாரை
20.5.1973

தம்பி யாகூபுக்கு ஸலாம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பீபியாவது ஒரு கார்டு போடக்கூடாதா? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் முந்தானையை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன். அவர் இப்போது தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.

கண்டிக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். தொட்டில் சட்டம் எல்லாம் அறுத்து அடுக்கி இருக்கிறது. துளைதான் இல்லை. மாடசாமி வாரம் ஒரு தரம் வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டைத் தட்டிப் பார்த்து, "சும்மா நிக்க வச்சா துருப்பிடிச்சிரும்ங்க" என்று திட்டிவிட்டுப் போகிறார். பலகையை யாரும் தொடவில்லை.

போன கிழமை உன் மச்சான் மரம் பார்க்கக் கலேவெலப் பக்கம் போனார். உள்ளே ஒரு சின்னக் கிராமத்தில் மையத்து வீடு. வீட்டுக் கதவைக் கழற்றி வைத்து அதில்தான் குளிப்பாட்டினார்களாம். கதவின் சட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றதாம். வந்து சொல்லிவிட்டு வெகுநேரம் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தார்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
ராத்தா

*

கொழும்பு
11.6.1973

என் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். பீபிதான் பேப்பருக்கு எங்கே போவது என்று சத்தம் போட்டாள்.

எந்தப் பக்கம் தலைப் பக்கம்? பலகையில் அதற்கு ஏதாவது அடையாளம் உண்டா? எனக்கு அது மட்டும் தெரியவேண்டும்.

வெட்டச் சொன்னவன் நான். முடிச்சு இல்லாத முனையில் வெட்டு என்று எழுதினேன். அது எந்த முனை என்று தெரியாமல் எழுதினேன். ஆணியில் வாளை மாட்டிய கைக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். குழியில் தண்ணீர் இறைத்த கைக்கும்.

வெட்ட வேண்டாம். ஆனால் வேலையும் நிற்கக்கூடாது. இரவும் பகலும் இதையே யோசித்தேன். அந்தப் பலகையிடமிருந்து நமக்கு வேண்டியது மரம் இல்லை, மட்டம். மட்டத்தை வெட்டாமல் வாங்கலாம்.

மாடசாமியிடம் சொல்லி ஃபாக்டரியில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பக்கப் பலகை எல்லாம் மெல்லிய பிளைவுட். கடையில் இல்லாதது அங்கே குப்பையில் கிடக்கும். தகரத்தையும் ஆணியையும் கழற்றி, மேசை அளவுக்கு வெட்டுங்கள். நம் பலகைமேல் மெழுகு பூசிய தாளை விரியுங்கள், பசை அதில் ஒட்டாமல் இருக்க. அதன்மேல் ஒரு தட்டு, வச்சிரப் பசை, இழையைக் குறுக்கே திருப்பி அடுத்த தட்டு. இப்படி மூன்று மூன்றாக ஒட்டிப் பாரம் ஏற்றிக் காயவிடவேண்டும். பாரத்தில் ஒவ்வொரு தட்டும் அடியில் இருக்கும் பலகையைப் பார்த்துத் தன்னை நேராக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு அந்த நேர் போகாது. பலகையைத் தொட்டுக் கிடக்கும் முகத்தை மேலே திருப்பினால் அதுதான் மேசை.

முடிந்த பிறகு பலகையைக் கலேவெலக் கிராமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மச்சானுக்கும் அதுதான் மனசில் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஜூலை முதல் கிழமை இரண்டு நாள் லீவு எடுத்திருக்கிறேன். ஒர்க்ஷாப்பில் சொல்லி இரும்பு மட்டக்கோலையும் இரவல் வாங்கி வருகிறேன். நான் வரலாம் என்று மச்சான் நினைத்தால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் கையால்.

யாகூப்

*

அலுவிகாரை
18.6.1973

மச்சான் யாகூபுக்கு ஸலாம். தலைப் பக்கத்தில் ஓரமாக, பலகையைத் தொங்கவிட ஒரு ஓட்டை இருக்கிறது. நான் குறி வைத்தது கால் பக்கம். வா. வரும்போது வச்சிரம் நல்லதாக வாங்கி வா, இங்கே கிடைப்பது நாறுகிறது.

ஜுனைதீன்

*

அலுவிகாரை
9.8.1973

கிருபை உள்ளவன் பேரால்.

என் தம்பிக்கும் பீபிக்கும் ராத்தாவின் ஸலாம். நீ போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். நீ கொண்டுவந்த எண்ணெயில் முழங்கால் கையூன்றாமல் எழும்புகிறது. தொழுகையில் உன் பேர் சொல்லாமல் எழும்புவதில்லை.

முதலில் வேலைச் செய்தி. நீ போன பிறகு மீதித் தட்டுகளையும் ஒட்டி முடித்தோம். பாரத்துக்கு நெல் மூட்டை போதாமல் என் அம்மியையும் தூக்கி வைத்தார்கள். மூன்று நாள் அரைத்த கறி இல்லை. காய்ந்ததும் தாளை உரித்துக் கதவைச் சாத்தி உன் மச்சான் விளக்குப் பிடித்தார். நான் பார்த்தேன். வெளிச்சம் நுழையவில்லை, தம்பி. தேயிலை ஏற்றி எறிந்த பெட்டிப் பலகை! இன்றைக்கும் முகர்ந்தால் தேயிலை வாசம். அதற்கு எங்கிருந்து வந்தது இந்த நேர்? மேலே கிடந்தது கீழே கிடந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒன்றையும் எடுக்காமல், ஒன்றும் குறையாமல். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லத்தான் வாய் வந்தது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

முதல் துளையைப் போட்டுவிட்டு மாடசாமி கம்பியை நிறுத்திக் காட்டினார். குறிவைத்த அம்பு போல நின்றது. "மேசை கெடைச்சதுல என் தலையும் தப்பிச்சிருச்சுங்க" என்றார். இரண்டு டஜனும் கண்டிக்குப் போய்விட்டது. அடுத்த இரண்டு டஜனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நோனா வந்து மேசையை மேலும் கீழும் பார்த்து, "இது அது இல்லையே?" என்று மூன்று தரம் கேட்டாள். இல்லை என்றேன். அது பெற்ற பிள்ளை என்று சொல்லவில்லை. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பலகையைப் போன வெள்ளிக்கிழமை கலேவெலவுக்குக் காய்கறிக்குப் போகிற லொறியில் ஏற்றினோம். கணக்கில் காலியாக விட்ட வரியில், தர்மக் கணக்காக, 'ஸதகா' என்று எழுதி மூடினேன்.

இனி நான் எழுத நினைத்தது. நீ இருந்து பார்த்ததை உனக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று உன் மச்சான் சொல்கிறார். நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது.

நீ வந்திருந்தபோது, முதல் தட்டை வைக்குமுன் பலகையை உன் இரும்புக் கோலால் சோதிக்க வேண்டும் என்றாய். வச்சிரம் அடுப்பில் கொதித்தது. சூடு ஆறினால் பசை பிடிக்காது, சீக்கிரம் பார்க்கவேண்டும் என்று சொன்னவனும் நீதான். கதவைச் சாத்தினார்கள், மாடசாமி விளக்கை வைத்தார். நான் பசைச் சட்டியோடு வாசலில் நின்று கதவிடுக்கால் பார்த்தேன். நீ ஓட்டை இருக்கிற தலைப் பக்கத்தில் கோலை நிறுத்தினாய், குனிந்தாய், கன்னத்தைப் பலகையில் வைத்தாய். வெளிச்சம் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? கண் சிமிட்டும் நேரம். நீ எழும்பவில்லை. கோல் சாய்ந்து விழுந்தது, அதையும் நீ எடுக்கவில்லை.

மாடசாமி, "பசை ஆறுதுங்க" என்றார். உன் மச்சான் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சத்தம் இல்லாமல் சாத்தினார். "ஆறட்டும். திரும்பக் காய்ச்சிக்கலாம்" என்றார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நோனா எட்டிப் பார்த்தாள், கையால் போகச் சொன்னார். மரம் கேட்டு ஒருவர் வந்தார், நாளைக்கு வரச் சொன்னார். பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அப்போதும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அன்று பசையை மூன்று தடவை காய்ச்சினேன், தம்பி. மூன்றாவது தடவையும் உன் மச்சான் அந்தக் கதவைத் தட்டவில்லை.

துஆவோடு,
ராத்தா